நோன்பும் மாத்திரையும்: நாம் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி



ரமளான் நெருங்கும்போதெல்லாம் நமக்கு ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. கொடைக்கானலுக்குக் கீழே, பழனி மலைத்தொடரின் ஒரு சிற்றூரில், நம் மதரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவனின் அண்ணன் அவர். இருதுருவ மனநோய்க்காக இரண்டு ஆண்டுகளாக லித்தியம் மாத்திரை உட்கொண்டு, தோட்ட வேலைக்கும் ஒழுங்காகப் போய்வந்தவர். ஷஅபான் மாத இறுதியில் அவருடைய அத்தா நம்மிடம் வந்தார். "ஹஜ்ரத், பிள்ளை இப்ப நல்லா இருக்கான். நோன்பு மாசம் மட்டும் மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமாக நோன்பு வைக்கட்டும், அல்லாஹ் ஷிஃபா தருவான்" என்றோம். என்ன மாத்திரை, எதற்காக, மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விவரம் கேளாமல் மார்க்கத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் நாம்!

முதல் பத்து முடிவதற்குள் அவருடைய உறக்கம் போயிற்று. தராவீஹ் முடிந்த பிறகும் விடிய விடியப் பேசினார். கடன் வாங்கித் துணிமணிகளை வாங்கிக் குவித்தார். தமக்கு இல்ஹாம் வருகிறது என்றார். உறவினர் சிலர் ஜின் தீண்டல் என்றனர். ஏர்வாடிக்கு வண்டியும் பேசப்பட்டுவிட்டது. அவருடைய அம்மா மட்டும் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, முதலில் மதுரைக்குத்தான் போக வேண்டும் என்று உறுதியாக நின்றார். அந்தத் தாய்க்கு நாம் இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

ஏர்வாடி என்ற பெயரைக் கேட்டால் நம் நெஞ்சு நடுங்குகிறது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், அங்கிருந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் மாண்டனர். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் தப்பி ஓட இயலவில்லை. ஸியாரத் பற்றிய கருத்து வேறுபாடுகளுக்குள் நாம் இங்கே செல்லவில்லை. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்கள் அல்லர். துஆ கேட்டு ஓய்ந்துபோன பெற்றோரும் உடன்பிறந்தோரும்தாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதை முற்றாகத் தடை செய்துவிட்டது. ஏர்வாடி தர்காவிலேயே துஆவுடன் மருந்தும் கிடைக்க அரசு பின்னர் ஏற்பாடு செய்தது. இது தொடக்கத்திலேயே நடந்திருக்க வேண்டியது என்பதே நம் கருத்து.

மதுரையில் மருத்துவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை, பொறுமையாக விளக்கினார். லித்தியம் ஒரு வகை உப்பு. சிறுநீரகம் வழியாகவே அது வெளியேறுகிறது. இரத்தத்தில் அதன் அளவு பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். குறைந்தால் நோய் திரும்பும்; 1.5ஐத் தாண்டினால் நஞ்சாகும். நன்மைக்கும் தீமைக்கும் இடையே இவ்வளவு சிறிய இடைவெளி! ஆகவேதான் கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்து அளவு பார்க்கிறார்கள். ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்கிறார்கள். திடீரென நிறுத்தினால் நோய் முன்னிலும் வேகமாகத் திரும்பக்கூடும் என்றும் சொன்னார்.

மலையில் வாழும் நமக்கு இதில் தனிக் கவனம் தேவை. குளிரில் தாகம் தெரிவதில்லை. தண்ணீர் குடிப்பது குறைகிறது. வத்தலகுண்டுச் சாலையின் வளைவுகளில் வாந்தி எடுக்காதவர் குறைவு. தோட்ட வேலையால் முதுகு வலித்தால் கடையில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வாங்கி விழுங்குகிறோம். உடலில் நீர் குறைந்தாலும், இந்த வலி மாத்திரைகளைச் சேர்த்தாலும் லித்தியம் இரத்தத்தில் தேங்கும். கை பலமாக நடுங்குதல், நா குழறுதல், தள்ளாடி நடத்தல், ஓயாத வாந்தி ஆகியவை தென்பட்டால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். ஓதிப் பார்ப்பதை வழியில் வண்டியிலேயே செய்துகொள்ளலாம்.

மற்ற மருந்துகளுக்கும் தனித்தனி இயல்பு உண்டு. மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் போன்றவை பலன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்தாம் நாளே பயனில்லை என்று வீசிவிடுகிறவர்கள் நம்மில் பலர். ஓலன்சபின் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டக்கூடும். குளோசபின் எடுப்பவருக்குத் தொடக்க மாதங்களில் வாராவாரம் வெள்ளணுக்களை எண்ணியாக வேண்டும். வால்புரோயேட் கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும். நிகாஹ் பேசும் முன்பே மருத்துவரிடம் இதைப் பேச வேண்டும். நம் வீடுகளிலோ, நிகாஹ் பேச்சு எழுந்தவுடன் முதலில் மாத்திரைதான் மறைக்கப்படுகிறது, பிறகு நிறுத்தப்படுகிறது.

பக்கவிளைவு இல்லை என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஃபஜ்ருக்கு எழ முடியாத உறக்கம், உடல் விறைப்பு, இல்லற வாழ்வில் ஏற்படும் குறை எல்லாம் உண்மையே. கடைசியாகச் சொன்னதை வெட்கத்தால் எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஓசையின்றி மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி உண்டு.

"இதெல்லாம் மேல்நாட்டார் மருந்து" என்பாரும் உளர். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். காரணம் தெரிந்த துயரத்தையும், காரணம் தெரியாமல் உடலிலிருந்து எழும் துயரத்தையும் பிரித்துக் காட்டினார். 1931இல் சலீமுஸ்ஸமான் சித்தீக்கீ, சர்ப்பகந்தா வேரிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு ஹகீம் அஜ்மல் கானின் பெயரைச் சூட்டினார். அதே வேரிலிருந்து 1952இல் பிரிக்கப்பட்ட ரிசர்பின், மனநோய்க்கு உலகெங்கும் கொடுக்கப்பட்டது. அது சிலரைக் கடும் சோர்வில் ஆழ்த்துவதைக் கண்ட பின் பயன்பாடு குறைந்தது. மூலிகையிலிருந்து வந்த மருந்தையும் கண்காணிக்கத்தான் வேண்டியிருந்தது.

நோயாளி நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்யலாம், அதற்கும் இயலாத நிலை நீடித்தால் ஃபித்யா கொடுக்கலாம் என்ற சலுகை குர்ஆனிலேயே இருக்கிறது. மனநோயாளி அதற்கு விலக்கல்லர். நோய் கட்டுக்குள் இருக்கும் சிலருக்கு மருத்துவர் மருந்தை இரவு ஒரே வேளையாக மாற்றி, ரமளானுக்கு முன்பும் இடையிலும் இரத்தம் பார்த்து அனுமதிப்பார். அந்த முடிவு மருத்துவருடையது. மிம்பரில் நிற்கும் நம்முடையது அன்று. மலையிலிருந்து உடனே இறங்க இயலாதவர்கள், அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.

அந்த இளைஞர் மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து திரும்பினார். அடுத்த ஷஅபானில் அவருடைய அத்தா மறுபடியும் நம்மிடம் வந்தார். இம்முறை சட்டைப் பையில் இரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. இந்த ஆண்டு நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகன் மனமுடைந்து போயிருப்பதாகச் சொன்னார். அன்று அஸருக்குப் பின் நாம் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். ஸஹர் நேரத்தில் ஊரை எழுப்பிவிடும் பொறுப்பை அவரிடம் ஒப்படைக்கலாமா என்று யோசித்தோம்; உறக்கம் கெடுமே என்று அவருடைய அம்மா தடுத்தார். இஃப்தார் கஞ்சி காய்ச்சும் பொறுப்பு அவருக்கு வழங்கப்பட்டது.