ஆற்றைத் தேர்ந்தெடுக்கும் முன்...

செகந்திராபாத் அருகே மெட்டுகுடாவில் வசிக்கும் என் சகோதரி மகன் தொலைபேசியில் கேட்டது எளிய கேள்விதான். கல்லூரி நண்பர்களுடன் ரப்பர் படகில் நீர்ச்சுழிகளைக் கடக்கும் பயணத்துக்கு வடக்கே வருகிறான். கங்கை நல்லதா, பியாஸ் நல்லதா? பியாஸ் என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு உடனே பதில் சொல்ல நா எழவில்லை.

2014 ஜூன் 8-ஆம் தேதி மாலை, ஹிமாசலப் பிரதேசத்தின் மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றுப் படுகையில் நின்றிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை, லார்ஜி அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் அடித்துச் சென்றது. அவர்கள் படகில்கூட ஏறவில்லை. மின் உற்பத்தி குறைக்கப்பட்டதால் அணையில் பெருகிய நீர் வெளியேற்றப்பட்டது. கீழே நின்றவர்களுக்குப் போதிய எச்சரிக்கை சென்று சேரவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ரூ. 20 லட்சம் இழப்பீடு வழங்குமாறு 2016 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மின்வாரியம், கல்லூரி, மாநில அரசு ஆகிய மூன்றுமே அதைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது.

சுற்றுலா விளம்பரங்களோ சுழல்களை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரித்துக் காட்டுவதோடு நின்றுவிடுகின்றன. நீர்வரத்து மாறினால் தரமும் மாறும் என்பதைச் சொல்வதில்லை. மூன்றாம் நிலை என்று காலையில் நம்பி இறங்கிய இடம் மாலையில் அதே நிலையில் இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? பாகீரதியில் தெஹ்ரி, அலக்நந்தாவில் ஸ்ரீநகர் என மேலே அணைகள் அமைந்துவிட்ட பின், ரிஷிகேஷ் கங்கையின் நீர்மட்டத்தை இமயத்துப் பனி மட்டுமே தீர்மானிப்பதில்லை. மின்தேவையும் தீர்மானிக்கிறது. தீஸ்தாவின் கதை இன்னும் கொடியது. 2023 அக்டோபர் 4-ஆம் தேதி பனியேரி உடைந்ததில், சுங்தாங்கில் இருந்த அணையே அடித்துச் செல்லப்பட்டது.

தமிழக வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஒகேனக்கல்லில் பரிசல் ஓடுமா, ஓடாதா என்பதை பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் கன அடிக் கணக்கு முடிவு செய்கிறது. நீர்வரத்து உயர்ந்தால் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கிறது. பரிசல் ஓட்டிகளுக்கு அன்றாடப் பிழைப்பு போகிறது என்பது உண்மை. ஆனாலும் அந்தக் கணக்கு ஊருக்கே தெரிகிறது.

அணைப் பாதுகாப்பு மசோதா 2019-இல் மக்களவையிலும், 2021 டிசம்பரில் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. முல்லைப் பெரியாறு போன்ற அணைகளில் நமது உரிமை பறிபோய்விடுமோ என்ற கவலையில் தமிழக உறுப்பினர்கள் எதிர்த்தனர். அந்தக் கவலை நியாயமானதே. ஆயினும் உடையாத அணையும் உயிரைக் குடிக்கும் என்பதைத்தான் லார்ஜி காட்டியது. அதற்கு அவையில் கிடைத்த கவனம் போதாது என்பது என் கருத்து.

படகுப் பயணத்துக்கு உரிமம் வழங்கும் மாநில அரசுகள், மேலே உள்ள அணையின் நீர்த்திறப்பு நேரம் படகுத்துறையில் தினமும் எழுதி வைக்கப்படுவதை உரிமத்தின் நிபந்தனையாக்க வேண்டும். அட்டவணையை மீறித் திறக்க நேர்ந்தால் ஆற்றைக் காலி செய்த பிறகே மதகு உயர வேண்டும். வரும் கூட்டத்தொடரில் ஹைதராபாத் உறுப்பினர்களேனும் இதைக் கேள்வியாக எழுப்பலாமே.

மருமகனிடம் கங்கைக்கே வரச் சொன்னேன். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம், படகில் ஏறும் முன் மேலே எந்த அணை, எப்போது திறப்பார்கள் என்று கேள் என்றேன். விவரம் தெரியாதென்றால் கரையிலேயே இருந்துவிட்டு வா. அதுவும் படுகையில் அல்ல, மேட்டில்.