தாத்தாவின் இரட்டைக்குழலும் எண்ணூர் உள்ளானும்

கொஞ்சம் டெக்னிக்கலான விஷயம். பொறுமையாகப் படிக்கவும். திட்ட விரும்புபவர்கள் கடைசி வரி வரை வந்துவிட்டுத் திட்டலாம் :-)

தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று பேரனின் லைசென்ஸுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கிலாந்தில் செய்த 12 போர். பேரனுக்கு உடனே ஒரு ஆசை: "சோக் ரொம்ப டைட்டா இருக்கு. ஒரு ரீமர் போட்டுத் திறந்துட்டா பறவைக்கு சூப்பரா இருக்கும்." ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் லேத் பட்டறைகளுக்கா பஞ்சம்? கப்பலுக்கே உதிரி பாகம் கடைகிறவர்கள் இருக்கிற ஊர்!

முதலில் சோக் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். வாய்ப்பக்கம் கடைசிச் சில சென்டிமீட்டரில் அதை லேசாகக் குறுக்கியிருப்பார்கள். 'ஃபுல் சோக்' என்பதே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுக்கல்தான். அதற்கே என்ன வித்தியாசம் பாருங்கள். 40 கஜத்தில் 30 அங்குல வட்டம் ஒன்றை வைத்துச் சுட்டால், ஃபுல் சோக்கில் 70 சதவீத ஈயக்குண்டுகள் வட்டத்துக்குள் விழும். குறுக்கலே இல்லாத குழலில் 40 சதவீதம்தான். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் தாரை மாறுகிறதே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான். 1866-இல் நியூகாசிலைச் சேர்ந்த பேப் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1870-களில் கிரீனர் இதைப் பிரபலமாக்கினார்.

இப்போது பேரனின் வாதத்துக்கு வருவோம். நியாயமாகச் சொன்னால் அது டெக்னிக்கலாக சரி! உள்ளான் காலடியிலிருந்து சடாரென்று கிளம்பி வளைந்து வளைந்து பறக்கும். இருபது முப்பது கஜத்தில் சுட்டாக வேண்டும். அந்தத் தூரத்தில் ஃபுல் சோக் என்றால் குண்டெல்லாம் கைக்குட்டை அளவில் சேர்ந்து போகும். ஒன்று தவறும், அல்லது பறவை சல்லடையாகும். அதனால் திறந்த சோக் வேண்டும் என்பது பாடப்புத்தக விடை. சிக்கல் என்னவென்றால் கேள்வியே தப்பு.

ஏன் தப்பு? மூன்று காரணம்.

ஒன்று, இரும்பு. கடைந்து எடுத்த உலோகத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. டைட்டான சோக்கைத் திறக்கலாம், திறந்ததை மூட வழியில்லை. பழைய குழல்களின் சுவர் மெல்லியது. ரீமர் ஒரு பக்கம் சாய்ந்தால் போதும், இன்னொரு பக்கம் காகிதமாகிவிடும். "அப்ப வாயையே ரெண்டு அங்குலம் அறுத்துட்டா?" என்று ஒரு மேதாவி கேட்பார். அறுத்தால் இரண்டு குழல்களுக்கும் நடுவில் ஓட்டை தெரியும், துப்பாக்கியின் மதிப்பும் போகும். இத்தனைக்கும் தேவையே இல்லை. குண்டைச் சீக்கிரம் சிதறவிடுகிற தோட்டாக்கள் உலகத்தில் எப்போதோ வந்துவிட்டன. தோட்டாவை மாற்றினால் தீர்கிற விஷயத்துக்கு நூறு வருஷத்துத் துப்பாக்கியை அறுப்பதற்குப் பெயர் ரசனையா?

இரண்டு, சட்டம். 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் மாற்றுவதற்கும் அதற்கான லைசென்ஸ் வைத்திருப்பவர் வேண்டும். குழலைக் குட்டையாக்குவதைத் தனிப் பிரிவு போட்டே தடுத்திருக்கிறார்கள். ஆசை பேரனுக்கு, கம்பி எண்ணுவது லேத் பட்டறை அண்ணனா?

இதைவிடப் பெரிய விஷயம் சுடப்படுகிற பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூட லைசென்ஸ் வாங்கிச் சில பறவைகளைச் சுட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. விளையாட்டு வேட்டை என்ற ஒன்று இந்தியாவில் செத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆக உள்ளானுக்காக சோக் திறப்பது, இல்லாத ரயிலுக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி.

மூன்று, எண்ணூர். "பறவையை எங்க துப்பாக்கியா கொன்னுச்சு? தொழிற்சாலைதானே கொன்னுச்சு!" என்பார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதி உண்மை.

கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற கழிமுகம் அது. அங்கே வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் ஆற்றில் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் வந்தது. மணலி சிபிசிஎல் வளாகத்தைத்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே சுட்டிக்காட்டியது. சிறகெல்லாம் எண்ணெய் ஒட்டிய கூழைக்கடாக்களின் படங்களை ஊரே பார்த்தது. மீனவர்களின் வலையும் படகும் கறுத்தன. எல்லாம் உண்மை.

ஆனால் இதிலிருந்து வருகிற முடிவு என்ன? அடிபட்டுக் கிடக்கிறவனை "ஏற்கனவே ஒருத்தன் அடிச்சுட்டான், நானும் ஒண்ணு போட்டுக்கறேன்" என்பதா? ஒரு தோட்டாவில் முந்நூறுக்கும் மேல் ஈயக்குண்டுகள். பறவையில் படுவது நாலைந்து, மீதி சேற்றில். வாத்துகள் அதைக் கல் என்று நினைத்து விழுங்கி ஈய விஷத்தில் சாகும். அமெரிக்கா 1991-லேயே நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை நாடு முழுக்கத் தடை செய்தது இதனால்தான். "அப்ப இரும்புக் குண்டு போடலாமே" என்றால், இரும்பு கடினமானது, பழைய டைட் சோக்கையே கெடுக்கும். சுற்றிச் சுற்றி மறுபடி ரீமருக்கே வந்து நிற்கிறோம் பாருங்கள்!

இன்னொரு கணக்கும் பாக்கி. வேட்டை குற்றமானபோது உண்மையில் சோறு இழந்தவர்கள் நரிக்குறவர்கள். துரைக்கு அது ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, அவர்களுக்கு அது அடுப்பு. பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருந்தார்கள். அவர்களிடம் சட்டம் பேசிய ஊர், பேரனின் 'பாரம்பரியம்' என்ற வார்த்தைக்கு மட்டும் ஏன் உருக வேண்டும்?

துப்பாக்கி சுடுவது தப்பு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. பறக்கிற மண் தட்டைச் சுடலாம், ஸ்கீட்டுக்குத் திறந்த சோக்தான் வேண்டும். கழற்றி மாட்டுகிற சோக் வைத்த துப்பாக்கிகள் அதற்கென்றே இருக்கின்றன. ராஜ்யவர்தன் ரத்தோர் 2004 ஏதென்ஸில் வெள்ளி வாங்கினார். நம்ம புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். ஒரு உள்ளானுக்கும் சேதமில்லை.

தாத்தா துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து, அப்படியே வையுங்கள். வடக்கிலிருந்து பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து, நூறு கிராம் சொச்சம் உடம்போடு, சாம்பலையும் எண்ணெயையும் தாண்டி இன்னும் எண்ணூர்ச் சேற்றில் வந்து இறங்குகிற ஒரு பறவைக்கு, இந்த ஊர் செய்யக்கூடிய மிகக் குறைந்த மரியாதை அதுதான்.