நரம்பு வலிக்குப் புதிய மருந்து: இன்றைய நிலை என்ன?

"நரம்பு வலிக்குப் புதிய மாத்திரை வந்துவிட்டதாமே, பழைய மாத்திரைகளை நிறுத்திவிடலாமா?" என்ற ஐயம் உங்களுக்கும் எழுந்திருக்கலாம். நிறுத்த வேண்டாம். அதற்கான காரணத்தைக் கீழே காண்க.

வலி எவ்வாறு பரவுகிறது?

நரம்புச் செல்களின் சவ்வில் சோடியம் உட்புகும் நுண்ணிய வழித்தடங்கள் உள்ளன. அவை திறக்கும்போது மின்தூண்டல் உண்டாகி, வலி மூளையைச் சென்றடைகிறது. பாதிக்கப்பட்ட நரம்பில் இவை காரணமின்றியே திறப்பதால் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றுகின்றன. முகநரம்பு வலிக்கு வழங்கப்படும் கார்பமசிபின் இவ்வழித்தடங்களை அடைக்கிறது. ஆனால் மூளையிலுள்ள வழித்தடங்களையும் அது அடைப்பதால் தலைச்சுற்றலும் மயக்க உணர்வும் ஏற்படலாம்.

புதிய முயற்சி எது?

வலி நரம்புகளில் மிகுதியாக உள்ள வழித்தடத்தை மட்டும் அடைப்பதே ஆய்வாளர்களின் நோக்கம். பாகிஸ்தானில் பிறவியிலேயே வலி உணராத சிலரிடம் 1.7 என்னும் வகை செயல்படவில்லை என்பது 2006-இல் கண்டறியப்பட்டது. எனினும் அதை அடைக்க உருவாக்கிய மருந்துகள் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. அடுத்து, 1.8 வகையை அடைக்கும் சுசெட்ரிஜின் என்ற மாத்திரைக்கு 2025 ஜனவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒப்புதல் அளித்தது.

அந்த ஒப்புதல், அறுவை சிகிச்சைக்குப் பின் வருவது போன்ற குறுகியகால வலிக்கே உரியது. நீடித்த நரம்பு வலிக்கு அன்று. இடுப்பிலிருந்து காலுக்குப் பரவும் நரம்பு வலியில் நடந்த ஓர் ஆய்வில், இம்மருந்தை உட்கொண்டோருக்கும் மருந்தில்லாப் போலி மாத்திரை பெற்றோருக்கும் 10 புள்ளி அளவுகோலில் ஏறத்தாழ 2 புள்ளிகளே வலி குறைந்தது. ஆகவே, போலி மாத்திரையுடன் ஒப்பிட்டுப் பாராமல் எந்த வலி மருந்தின் பயனையும் உறுதிசெய்ய இயலாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• கார்பமசிபின், பிரிகாபலின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தாதீர்கள். மருத்துவர் அறிவுரையின்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.
• கார்பமசிபின் தொடங்கிய பின் தோல் தடிப்பு, காய்ச்சல், வாய்ப்புண் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
• நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, நாள்தோறும் பாதங்களைப் பார்வையிடுங்கள்.
• பராமரிப்பாளர்களே, முதியோருக்குத் தள்ளாட்டமோ மிகுந்த தூக்கமோ இருந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

மருந்து பலனளிக்கவில்லையெனில் நீங்களாகவே மாற்றாதீர்கள். அளவை மாற்றவும் வேறு மருந்து தரவும் மருத்துவரிடம் வழியுண்டு.