ஐந்து பெட்டியும் ஐந்து இராகமும்

யாழ்ப்பாணத்து அளவெட்டியில் தவில் பழகும் பிள்ளையிடம் "அறிமுறை படித்தனியோ?" என்று கேட்டால் அது முழிக்கும். "சொல்லு பாப்பம்" என்றால் தொடையில் தாளத்தைப் போட்டுக்கொண்டு மூச்சுவிடாமல் சொல்லிக் காட்டும். தவில்காரருக்குச் சொல் என்பது பேச்சில்லை, தோலில் விழப்போகும் அடி. முதலில் வாய், பிறகு கை என்பதே அங்கே பாட ஒழுங்கு.

கிற்றார் வகுப்புகளில் ஓயாமல் எழும் ஒரு கேள்விக்கு இந்த ஊரில் பதில் தேடுவது சிலருக்கு விநோதமாகப் படலாம். கிற்றார் வாசிக்க இசை அறிமுறை வேண்டுமா? ஸ்கேல்களைப் பாடமாக்க வேண்டுமா? கோட்ஸ் நாலைந்து பிடிக்கத் தெரிந்து, யூரியூப்பைப் பார்த்துக் கையை வைத்துப் பழகி, கல்யாண வீட்டிலும் தேவாலயத்திலும் வாசித்துக் கைதட்டு வாங்கும் இளைஞனுக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. அவர்கள் கையில் ஒரு பெயர்ப் பட்டியலும் இருக்கும். ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. வெஸ் மொன்கொமரிக்குத் தெரியாது. ஜிமி ஹென்றிக்ஸுக்கும் தெரியாது.

பட்டியல் சரிதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பிழை. 1928இல் தீ விபத்தில் இடக்கை விரல்கள் இரண்டு முடங்கிப்போன ஜாங்கோ, மிஞ்சிய விரல்களுக்கு எந்தக் கோட் அகப்படும், அதில் எந்தச் சுவரத்தை விட்டாலும் கோட் கோட்டாகவே நிற்கும் என்று தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வெஸ் மொன்கொமரி, சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அவருடைய தனி வாசிப்புகளைச் சுவரத்துக்குச் சுவரம் அப்படியே எடுத்தவர். தாளில் எழுதாத அறிமுறை இருவரிடமும் நிறைய இருந்தது. எழுத வாசிக்கத் தெரியாத ஆச்சி தமிழை இலக்கணப் பிழையில்லாமல் பேசுவதைப் போன்ற சங்கதி இது.

பரீட்சை நடத்துகிறவர்களிடமே இதில் ஒருமித்த கருத்து இல்லை. இலண்டனின் ஏபிஆர்எஸ்எம் சபையில் ஆறாம் தரச் செய்முறைக்குப் போக வேண்டுமென்றால் பொதுவாக ஐந்தாம் தர அறிமுறையில் தேறியிருக்க வேண்டும். ட்ரினிட்டியில் அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. ஒரே நகரத்திலிருந்து இரண்டு விதி. கர்நாடக இசைப் பக்கம், 1931இல் தொடங்கிய வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் செய்முறையும் அறிமுறையும் சேர்ந்தே நடக்கின்றன. ஏற்பாடு நல்லது. ஆனால் 72 மேளகர்த்தாக்களையும் சக்கரப் பெயர்களோடு எழுதித் தள்ளிவிட்டு, கோயில் வீதியில் கேட்கும் நாதஸ்வரம் கரகரப்பிரியாவா நடபைரவியா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் நிற்கும் மாணவரை இத்துறையில் படிப்பிக்கும் யாரும் கண்டிருப்பார். தாளில் மட்டும் இருக்கும் அறிமுறையின் கதி அது. கிற்றார் வகுப்பில் இதே நோய் வேறு உருவத்தில் வருகிறது: விரலில் மட்டும் இருக்கும் ஸ்கேல்.

இணுவிலில் 1933இல் பிறந்து அளவெட்டியில் குடியமர்ந்த தவில் வித்துவான் வி. தட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். நாற்பதைத் தாண்டி ஓரிரு ஆண்டுதான். அந்தக் குறுகிய காலத்துக்குள் தமிழ்நாட்டின் முன்னணி நாதஸ்வர வித்துவான்களே அழைத்து வாசிக்க வைத்த யாழ்ப்பாணத்துத் தவில் அவருடையது. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படத்துக்கு இந்தியத் தேசிய விருதும் கிடைத்தது. அவரது தனித்தவிலை ஒலிப்பதிவில் கேட்பவரை முதலில் பிடிப்பது வேகம். இரண்டாந் தடவை கேட்டால் வேகம் பின்னுக்குப் போய்க் கணக்கு முன்னுக்கு வரும். எங்கே எடுத்தார், எத்தனை மாத்திரை விட்டார், எப்படி வந்து சமத்தில் விழுந்தார் என்று விரல் மடித்து எண்ணத் தொடங்கிவிடுவோம்.

அந்தக் கணக்கின் மிகச் சின்ன மாதிரி ஒன்றைக் கிற்றார்காரர்களுக்காக இங்கே பிரித்துப் பார்க்கலாம். ஆதிதாளத்தில் எட்டு அட்சரம். அட்சரத்துக்கு நாலு என்று வைத்தால் 32 மாத்திரை. "ததிகிணதொம்" என்ற சொல்லுக்கு ஐந்து மாத்திரை. அதை மூன்று தடவை சொன்னால் 15. ஆகவே 17 மாத்திரையை விட்டு 18ஆவதில் எடுத்தால் ஆவர்த்தனத்தோடு சரியாக முடிந்து அடுத்த சமத்தில் பாட்டு விழும். நடுவே இரண்டு இடத்தில் ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டால் 17 ஆகும், 16ஆவதில் எடுக்க வேண்டும். தவில் பிள்ளைக்கு இது அரிச்சுவடி. பத்து வருஷம் கிற்றார் வாசித்தவர்களில் எத்தனை பேர், பாட்டின் எட்டாவது பாருக்கு முன் வரும் ஒரு நிரப்பை இப்படி எண்ணி எடுத்து எண்ணி இறக்குவார்கள்? பெரும்பாலானவர்கள் ஓடத் தொடங்கி, ட்ரம்ஸ்காரர் எங்கே அடிக்கிறாரோ அங்கே நின்றுகொள்கிறார்கள்.

அறிமுறை என்றதும் கிற்றார் உலகம் ஸ்கேலையும் கோட்டையும் மட்டுமே நினைக்கிறது. காலம் என்கிற பாதியை அது மறந்துவிட்டது. மேற்கத்தைய கிற்றார்ப் புத்தகங்களில் தாளம் முதல் சில பக்கங்களோடு முடிந்துவிடும், மிச்சம் முழுக்க விரற்பலகைப் படங்கள். அளவெட்டியில் பாடத்திட்டம் எழுதக் கொடுத்தால் நிச்சயம் தலைகீழாக எழுதுவார்கள்.

நமது கிற்றார்ப் பாரம்பரியம்கூடத் தாளத்தில் பிறந்ததுதான். 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் ஈழத்துப் பொப் இசையைத் தூக்கி நிறுத்தியது கிற்றார். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே', ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' போன்றவற்றை வாசிக்கக் கோட்ஸ் அதிகம் வேண்டாம். வேண்டியது பைலாவின் 6/8 நடை. ஆறு எண்ணிக்கையை மூன்று மூன்றாகவும் இரண்டிரண்டாகவும் மாற்றி மாற்றி உணரவைக்கும் வலக்கை அது. கோட்ஸ் மூன்றும் சரியாகப் பிடித்து வலக்கை தட்டையாக ஓடினால் பைலா செத்துப்போகும். அந்தத் தலைமுறை இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஆனாலும் அது படிப்பிக்கக்கூடிய அறிவு, பெயர் சொல்லிப் படிப்பிக்க வேண்டிய அறிவு. திஸ்ரம் என்று நம்மிடம் பெயர் ஏற்கனவே இருக்கிறது.

இனி ஸ்கேலுக்கு வருவோம்.

கிற்றார் பழகுபவர்கள் அநேகமாக முதலில் பழகும் ஸ்கேல் ஏ மைனர் பென்டடோனிக். ஏ, சி, டி, ஈ, ஜி என்று ஐந்து சுவரம். அதை விரற்பலகையில் ஐந்து பெட்டிகளாகப் பிரித்துப் பழக்குவார்கள். முதற்பெட்டி ஆறாம் தந்தியின் ஐந்தாம் பிரெட்டில் ஏயில் தொடங்கும், இரண்டாவது எட்டில் சியில், மூன்றாவது பத்தில் டியில், நாலாவது பன்னிரண்டில் ஈயில், ஐந்தாவது பதினைந்தில் ஜியில். பிள்ளை இதை மாதக்கணக்கில் மேலும் கீழும் ஓட்டும். ஏன் ஐந்து பெட்டி என்று யாரும் சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை.

அந்த ஐந்து சுவரங்களில் ஏயைச் சட்ஜமாக வைத்தால் சுத்த தன்யாசி. சியை வைத்தால் மோகனம். டியை வைத்தால் மத்தியமாவதி. ஈயை வைத்தால் இந்தோளம். ஜியை வைத்தால் சுத்த சாவேரி. நமது கிரகபேதம் அப்படியே அந்த விரற்பலகையில் கிடக்கிறது. பெட்டி என்று பழகிய பிள்ளைக்குக் கிடைத்தது ஐந்து விரல் அமைப்பு. அதே உழைப்பில் ஐந்து இராகங்களின் வாசலுக்குப் போயிருக்கலாம்.

இதைக் காதுக்குக் காட்ட வேறு கருவி எதுவும் தேவையில்லை. ஆறாம் தந்தியைத் திறந்து ஈயை ஒலிக்கவிட்டு, மேல் தந்திகளில் அதே சுவரங்களை வாசித்தால் இந்தோளத்தின் சாயல் தானாக வரும். ஐந்தாம் தந்தி ஏ, நாலாம் தந்தி டி, மூன்றாம் தந்தி ஜி என்று சுருதியை மாற்றிக்கொண்டே போனால் விரல் அசையும் இடம் மாறாமல் இராகம் மாறுகிறது. ஐந்தில் நாலு சுருதியைக் கிற்றாரின் திறந்த தந்திகளே தருகின்றன. மோகனத்துக்கு மட்டும் சி என்று திறந்த தந்தி இல்லை, கைபேசித் தம்புராவை ஒரு கட்டையில், அதாவது சியில், வைத்துக்கொள்ள வேண்டும். அரை மணி நேரப் பாடம். இதற்குப் பிறகு அந்தப் பிள்ளையிடம் ஸ்கேல் எதற்கு என்று விளக்கிக்கொண்டிருக்கத் தேவையிராது.

வாசல் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஸ்கேல் இராகம் ஆகிவிடாது. ஆரபியும் தேவகாந்தாரியும் ஏறும் படியும் இறங்கும் படியும் ஒன்றே. ஆனாலும் ஒன்றைக் கேட்டு மற்றதென்று யாரும் ஏமாறுவதில்லை. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. நாதஸ்வரக்காரர் துளையைப் பாதி மூடியும் ஊதும் மூச்சின் அழுத்தத்தை மாற்றியும் அதைப் பிடிக்கிறார். நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதனின் ஊரான அளவெட்டியில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கிற்றார்காரரோ பிரெட்டில் விரலை வைத்துச் சுவரம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார். தந்தியை இழுத்து, சறுக்கி, அடுத்த பிரெட்டைத் தொட்டுத் திரும்பி அந்த அசைவை எடுக்கலாம் என்று சென்னையில் சுகுமார் பிரசாத்தும் அவருக்குப் பின் ஆர். பிரசன்னாவும் கச்சேரி மேடையிலேயே காட்டியிருக்கிறார்கள். அவர்கள் விரற்படத்தைப் பார்த்து அந்த இடத்துக்கு வரவில்லை.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸின் கதை இங்கே பொருந்தும். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பிள்ளை கேட்டு மாண்டலினில் எடுக்கும். விரல் எங்கே வைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லாததே அந்தப் பிள்ளைக்கு வாய்த்த பெரிய பாடம் என்று தோன்றுகிறது. வாயிலிருந்து காதுக்கு, காதிலிருந்து விரலுக்கு. தவில் பள்ளியின் அதே ஒழுங்கு.

இதனால் தாள் வேண்டாம் என்று யாரும் பிடித்துக்கொள்ளக் கூடாது. பண்ணைப்புரத்து இளையராஜா அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவில் மேடை மேடையாகக் கேள்வியறிவோடு வாசித்தவர். சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்தைய அறிமுறை படித்து, ட்ரினிட்டியின் கிளாசிக்கல் கிற்றார்ப் பரீட்சையில் தங்கப் பதக்கம் வாங்கினார். வாத்தியக் குழு முழுவதற்குமான இசையை ஒரே இருப்பில் தாளில் எழுதிக் கொடுக்கும் கை அப்படி வந்ததுதான். காது முன்னே வந்தது, தாள் பின்னே வந்தது, இரண்டும் வந்தன.

எதிர்த்திசையில் வந்தவர் ஜோன் மெக்லாக்லின். மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ராவால் உலகப் புகழின் உச்சியில் இருந்த காலத்தில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை படிக்கப் போனார். பிறகு சக்தி குழுவுக்காகப் பிரெட்டுகளுக்கு நடுவே குழிவாகச் செதுக்கிய, அனுசுருதித் தந்திகள் பூட்டிய கிற்றாரைச் செய்வித்துக்கொண்டார். அந்தக் குழுவில் அவருக்குப் பக்கத்தில் வயலின் வாசித்த எல். சங்கர் சிறு பிள்ளையாக இருந்தபோது வளர்ந்தது இந்தத் தீவில். தந்தை வி. லக்ஷ்மிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை படிப்பித்தவர். 1958 கலவரம் அந்தக் குடும்பத்தைச் சென்னைக்குத் துரத்தியது. அவர்கள் இங்கேயே இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பதில் பயனில்லைத்தான், ஆனாலும் நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ஆகவே அறிமுறை வேண்டுமா என்ற கேள்விக்கு இவ்விதழின் பதில், வேண்டும். எந்த ஒழுங்கில் என்பதிலேதான் சண்டை. இந்த வட்டாரத்தில் கிற்றார் படிப்பிப்பவர்கள் முதல் சில மாதங்களுக்கு 'டாப்' எண்குறிப்பையும் பெட்டிப் படங்களையும் ஒளித்துவைத்துவிட்டால் ஒரு நட்டமும் வராது. ஒரு ஸ்கேலை வாசிக்கும் முன் சுவரம் சொல்லிப் பாட வேண்டும். ஒரு ஸ்ட்ரமிங்கைக் கையில் எடுக்கும் முன் தாளம் போட்டு வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு பெயர், அதற்கும் பிறகு தாள். இதில் இடைஞ்சல் மாணவரிடம் இல்லை. "எனக்குப் பாட வராது" என்று சொல்லித் தப்பிக்கும் ஆசிரியர்களே அதிகம். தவிலாசிரியர் எவரும் எனக்குச் சொல் வராது என்று சொன்னதாக இந்தக் குடாநாட்டில் கேள்விப்பட்டதில்லை.

பெயர் ஏன் வேண்டும் என்பதற்குத் திருவிழாக் கால மேடை ஒன்று போதும். நாதஸ்வரக்காரர் இரண்டரைக் கட்டை என்பார். கிற்றார்காரர் கீ என்ன என்று கேட்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு கட்டை என்றால் சி, இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நாலு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. பாரி நாயனம் பெரும்பாலும் இரண்டு அல்லது இரண்டரையில் நிற்கும். முதலாம் பிரெட்டில் கப்போவைப் பூட்டி டி வடிவங்களைப் பிடித்தால் நாலாம் தந்தியே இரண்டரைக் கட்டைச் சட்ஜமாக ஒலிக்கும். இரண்டு கட்டை என்றால் கப்போவைக் கழற்றிவிட்டு அதே வடிவங்களைப் பிடிக்கலாம்.