மருவுக்குப் புது வைத்தியமா?

தோழர்களே, விரலில் மரு இருந்தால் வெட்டுக் கத்தியைப் பிடிப்பதே வேதனை. அதற்காகப் பால் உறைய வைக்கும் எசிட்டைத் தொட்டு வைக்காதீர்கள், புண்தான் மிஞ்சும். "எனக்குப் போச்சு" என்று ஒருவர் சொன்னால் போதாது; மரு தானாகவும் உதிரும்.

அமெரிக்காவில் 51 இளையோரிடம் சோதித்து, முடிவை 2002-இல் வெளியிட்டார்கள். கெட்டி டேப் ஒட்டியவர்களில் 85 விழுக்காட்டினருக்குக் குணம். மருவைக் குளிரில் உறைய வைத்தவர்களில் 60 விழுக்காடுதான். ஆனால் பெரியவர்களிடம் சோதித்து 2007-இல் வெளியிட்ட முடிவில், டேப் வைத்த ஒட்டுக்கு 21, டேப் இல்லாத ஒட்டுக்கு 22 விழுக்காடு!

ஆகவே புது வைத்தியம் எதுவானாலும், "எதோடு ஒப்பிட்டுப் பார்த்தாங்க?" என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. இனிப்புநீர் உள்ளவர்களே, கால் மருவில் நீங்களே கை வைக்காதீர்கள்; கிளினிக்குக்குப் போங்கள்.