அழைப்பு வராத ஆண்டுகள்



மறைந்துபோன ஒருவரைப் பற்றிப் பேசும்போது அவர் வென்ற பட்டங்களையும் பெற்ற சிறப்புகளையும் வரிசையாகச் சொல்வது நம் வழக்கம். அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியவை எவை, அவற்றைக் கிடைக்கவிடாமல் செய்தது எது என்று நாம் கேட்பது குறைவு. அப்படிக் கேட்டே தீர வேண்டிய ஒரு வாழ்க்கை ஜேம்ஸ் சிசரோ மர்ஃபியினுடையது.

மர்ஃபி பூல் விளையாட்டு வீரர். 1935ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர், கறுப்பினத்தவர். 1996இல் மறைந்தார். பூல் ஆட்டத்தை நேசிப்பவர்கள் இன்றும் அவர் பெயரை அன்போடு சொல்கிறார்கள். கோலை முன்னே செலுத்தி, வெள்ளைப் பந்தைத் தொடும் தறுவாயில் சற்றே நிறுத்தி, பிறகு அடிப்பது அவருடைய பாணி. அப்படி ஆடக்கூடாது என்றுதான் எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். ஆனால் அவர் அடித்த பந்து அவர் சொன்ன இடத்தில் போய் விழுந்தது.

அவர் சிறந்து விளங்கிய ஆட்டத்துக்கு ஸ்ட்ரெயிட் பூல் என்று பெயர், 14.1 என்றும் சொல்வார்கள். கேரம் ஆடிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதன் விதிகள் எளிதில் விளங்கும். மேசையில் 15 பந்துகள். எந்தப் பந்தை எந்தப் பாக்கெட்டில் போடப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு அடிக்க வேண்டும். சொன்னபடி விழுந்தால் ஒரு புள்ளி. ஒரே ஒரு பந்து எஞ்சியதும், விழுந்த 14 பந்துகளையும் மீண்டும் முக்கோணமாக அடுக்கி ஆட்டத்தைத் தொடர்வார்கள். தவறு செய்யும் வரை ஒருவரே ஆடிக்கொண்டிருக்கலாம். எதிராளி தன் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பெரிய போட்டிகளில் 150 புள்ளிகளை முதலில் எட்டுபவர் வெற்றி பெறுவார். அதிர்ஷ்டத்துக்கு மிகக் குறைவாகவே இடமுள்ள ஆட்டம் இது. திறமை இருக்கிறதா, இல்லையா என்பதை மேசையே சொல்லிவிடும்.

மர்ஃபி பதின்ம வயதிலேயே நியூயார்க் நகரச் சாம்பியன் ஆனார். இருபதுகளில் நியூயார்க் மாநிலப் பட்டத்தையும் கிழக்கு மாநிலங்களின் பட்டத்தையும் வென்றார். அடுத்த படி உலகப் பட்டம். அந்தப் படியில் அவரால் கால் வைக்க முடியவில்லை. உலகப் பட்டத்துக்கான போட்டிகள் அழைப்பின் பேரில் நடந்தவை. அமைப்பாளர்கள் யாரை அழைக்கிறார்களோ அவர்கள் மட்டுமே ஆடலாம். மர்ஃபிக்கு அழைப்பு வரவில்லை.

1961இல் வெளிவந்த 'தி ஹஸ்லர்' என்ற திரைப்படம் அமெரிக்காவில் பூல் மீதான ஆர்வத்தைப் பெரிதாக்கியது. அதன்பின் 1963இல் உலகப் பட்டத்துக்கான போட்டி மர்ஃபியின் சொந்த நகரமான நியூயார்க்கிலேயே நடந்தது. அந்நகரத்தின் சாம்பியனாக இருந்தவர், அம்மாநிலத்தின் சாம்பியனாக இருந்தவர், தம் ஊரில் நடந்த அப்போட்டியில் ஆட அழைக்கப்படவில்லை.

அன்றைய அமெரிக்காவில் ஒதுக்குதல் பல வடிவங்களில் இருந்தது. அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருந்தது. 1961இல்தான் அதை நீக்கியது. எழுதப்பட்ட விதிக்கு எதிராகப் போராட முடியும், வழக்குத் தொடுக்க முடியும், ஒருநாள் அதை அடித்துவிடவும் முடியும். அழைப்புக் கடிதம் அனுப்பாமல் இருப்பது வேறு வகை. அங்கே யாரும் யாரையும் பார்த்து 'வராதே' என்று சொல்லவில்லை. கேட்டால் 'இடம் குறைவு', 'அடுத்த முறை பார்க்கலாம்' என்று சொல்லிவிட முடியும். எந்தக் கையொப்பமும் இல்லாமல் ஒரு மனிதரின் ஆண்டுகள் கழிந்துவிடும்.

பேஸ்பால் ஆட்டத்தில் ஜாக்கி ராபின்சன் இனத்தடையை உடைத்தது 1947இல். அவர் ஆடியதும் இதே புரூக்ளினின் அணிக்குத்தான். அப்போது மர்ஃபி அதே பகுதியில் வாழ்ந்த சிறுவர். அதற்குப் பிறகு 18 ஆண்டுகள் கடந்து, பொது இடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த குடியுரிமைச் சட்டம் 1964இல் நிறைவேறிய பின்னர், 1965இல்தான் மர்ஃபிக்கு அழைப்பு வந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தின் பர்பாங்க் நகரில் நடந்த உலகப் போட்டி அது. முதன்முறையாக ஆடவந்த அந்தப் போட்டியிலேயே அவர் பட்டத்தை வென்றார். அதன்பிறகும் பல ஆண்டுகள் முன்னணி வீரர்களுள் ஒருவராகவே விளங்கினார்.

இங்கே வாசகர் சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்பக்கூடும். பூல் என்பது சூதாட்டத்தோடு ஒட்டிய ஆட்டமாயிற்றே, அதை ஆடிய ஒருவரை நாம் ஏன் நினைக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பூல் என்ற பெயரே பலர் சேர்ந்து பணயப் பணம் போடுவதைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டும் கூடங்களில் நேரம் போக்குவதற்காக இந்த மேசைகளைப் போட்டார்கள். அவற்றுக்கும் அப்பெயரே ஒட்டிக்கொண்டது. பணயம் வைத்து ஆடுவது ஹராம் என்பதில் நமக்கு இரண்டு கருத்து இல்லை. நாம் இங்கே பேசுவது ஒரு மனிதருக்கு இழைக்கப்பட்ட அநீதியைப் பற்றி. அநீதி எந்தக் கூடத்தில் நடந்தாலும் அநீதிதான்.

மர்ஃபியின் கதையைச் சொல்பவர்கள் அதை ஒரு வெற்றிக் கதையாகவே முடிக்க விரும்புகிறார்கள். 'பொறுமையாக இருந்தார், கடைசியில் திறமை வென்றது' என்கிறார்கள். இந்த முடிவை நம்மால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பொறுமை பெரிய அமல்தான். ஆனால் அது பொறுத்துக்கொண்டவருக்கு உரியது. அவரைக் காக்க வைத்தவர்கள் அதைக் காட்டித் தம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. அழைப்பு வந்தபோது அவருக்கு வயது முப்பதை ஒட்டியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் அவர் எத்தனை பட்டங்கள் வென்றிருப்பார் என்பதை யாராலும் சொல்ல முடியாது. வில்லி மோஸ்கோனி என்ற பெரும் வீரர் 1941க்கும் 1957க்கும் இடையில் 15 முறை உலகப் பட்டத்தை வென்றார். அவருடைய திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அத்திறமையை ஆண்டுதோறும் காட்டுவதற்கு அவருக்கு ஒரு மேசை இருந்தது. முதல் வாய்ப்பிலேயே வென்ற மர்ஃபிக்கு அந்த ஆண்டுகள் கிடைக்கவில்லை. அவர் பெற்ற வெற்றி, அவரை முன்பே அழைத்திருக்க வேண்டும் என்பதற்கான சாட்சி.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மர்ஃபியை நாம் அறிவது, தாமதமாகவேனும் அவருக்கு அழைப்பு வந்ததால்தான். கடைசி வரை அழைப்பே வராதவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

பிற்காலத்தில் மர்ஃபி காட்சி ஆட்டங்கள் ஆடியும் இளைஞர்களுக்கான விளையாட்டுத் திட்டங்களில் பங்கெடுத்தும் தம் காலத்தைச் செலவிட்டார். தம்மை வெளியே நிறுத்திய ஆட்டத்துக்குள் பிறரைக் கைபிடித்து அழைத்துவரும் வேலை அது. அமெரிக்க பில்லியர்ட்ஸ் அமைப்பின் புகழ் அரங்கில் 1995இல் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அந்தச் சிறப்பும் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

சகோதரர்களே, வெகு தொலைவில் வாழ்ந்த ஒருவரின் கதைதானே என்று இதைக் கடந்து போய்விடலாம். அரபியருக்கு அரபியல்லாதவரை விடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ இறையச்சத்தைக் கொண்டன்றி மேன்மை இல்லை என்ற போதனையை நாம் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவர்கள். நம் பள்ளிவாசல்களில் தொழுகை வரிசையில் யாரையும் நாம் பின்னுக்குத் தள்ளுவதில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அழைப்பு என்று வரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

செல்வந்தர்களை அழைத்து, ஏழைகளை விட்டுவிடும் வலீமா விருந்தை நபி (ஸல்) அவர்கள் மிகக் கடுமையாகக் கண்டித்தார்கள். அங்கேயும் யாரும் ஏழையின் வாசலுக்குப் போய் 'நீ வராதே' என்று சொல்வதில்லை. பட்டியல் எழுதும்போது அந்தப் பெயர் நினைவுக்கு வராமல் போகிறது, அவ்வளவுதான். மஹல்லா நிர்வாகத்தில் ஆண்டாண்டு காலமாக அதே சில குடும்பங்களின் பெயர்களே இருக்கின்றன. பிறர் நிற்கக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவர்களை யாரும் கேட்பதில்லை. இஸ்லாத்தைத் தழுவி நம்மோடு இணைந்த குடும்பங்களின் நிலை இதைவிட வேதனையானது. அவர்களைக் கட்டித்தழுவி வரவேற்கிறோம், மேடையில் அமர்த்துகிறோம். பத்து ஆண்டுகள் கழித்து அவர்களின் மகளுக்கு வரன் தேடும் காலம் வரும்போது, பெண் கேட்டு அந்த வாசலுக்குப் போகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? அந்தத் தாயிடம் யாரும் 'வேண்டாம்' என்று சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் வரவில்லை, அவ்வளவுதான். அந்த மகளின் வயது மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

பர்பாங்க் போட்டிக்கு முன்னர் மர்ஃபியை அழைக்காமல் விட்டவர்களும் தங்களைக் கொடியவர்கள் என்று எண்ணியிருக்க மாட்டார்கள். வழக்கமாக வருபவர்களை வழக்கம்போல் அழைத்தோம் என்றே எண்ணியிருப்பார்கள். நம் பட்டியல்களையும் நாம் அப்படித்தான் எழுதுகிறோம்.

அடுத்த முறை வீட்டில் ஒரு விசேஷத்துக்குப் பட்டியல் எழுத அமரும்போது, எழுதி முடித்தபின் இன்னும் சிறிது நேரம் அமர்ந்திருப்போம். நம் தெருவில், நம் ஜமாஅத்தில், இதுவரை நாம் எழுதாத பெயர் எது என்று வீட்டார் அனைவரும் சேர்ந்து யோசிப்போம். அந்தப் பெயரையும் எழுதி, அழைப்பை நாமே நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம். மகனுக்கு வரன் பார்ப்பவர்கள் இதுவரை போகாத அந்த வாசலுக்கும் ஸலாம் சொல்லிப் போய் வருவோம்.

அல்லாஹ் நம் உள்ளங்களைச் சீர்படுத்தி, எவருடைய காத்திருப்புக்கும் நாம் காரணமாகிவிடாமல் காப்பானாக. ஆமீன்.