லொறியின் பிரேக் ஒயிலுக்கும் கணக்கு வேண்டும்

கடையில் அரிசி மூடை ஒன்று குறைந்தால் இரவோடிரவாகக் கணக்குப் பார்க்கிறோம். அந்த மூடையை ஏற்றிவரும் லொறியின் பிரேக் ஒயிலைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்று கேட்டால், "அது டிரைவருடைய வேலை" என்கிறோம். டிரைவரோ முதலாளியிடம் செலவு கேட்கத் தயங்குகிறார்.

என்ஜின் ஒயிலையாவது குச்சியை எடுத்துப் பார்ப்பார்கள். கவனிப்பாரற்றுக் கிடப்பது சின்ன லொறி, வேன்களின் பிரேக் ஒயில்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக் கூடியது. டொட் 3 ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 140 பாகையளவிலேயே கொதிக்கலாம். சுமையோடு கடுகண்ணாவ இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அந்தச் சூடு வர எவ்வளவு நேரமாகும்? ஒயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது. உள்ளே இருப்பவர்கள் டிரைவரும் கிளீனரும். அவர்களுடைய உயிர் எம்மிடமுள்ள அமானிதம் அல்லவா?

போத்தலில் மட்டம் சரியாக இருக்கிறதென்று ஏமாறக் கூடாது. மேலால் ஊற்றுவதால் ஏறிய ஈரம் போகாது. பொதுவாக 2 வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் மாற்ற வேண்டும். மட்டம் இறங்கினால் பிரேக் தேய்ந்திருக்கும், அல்லது எங்கோ கசியும். கராஜில் காட்டுங்கள்.

ரேடியேட்டருக்குப் பைப் தண்ணீர் ஊற்றும் பழக்கமும் நல்லதல்ல, உள்ளே துருப்பிடிக்கும்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் ஆரம்பமானாலும், புது லொறி எம்மில் பலருக்கு எட்டாத விலைதான். செலவுக் கொப்பியில் ஒயில் மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் எழுதி வையுங்கள். டிரைவர் கேட்கும் முன்பே காசைக் கொடுங்கள்.